எந்தப் புள்ளைக்கு ஹீட்டர்?

ஏனுங்க அக்கா, உங்களுக்கு ஏதாவது தித்திப்பாக வாசம் அடிக்குதுங்களா? வெல்லப்பாகு அடிப்பிடிக்கப் போகும்போது ஒரு வாசம் வருமே, அந்த மாதிரி?

அடிக்குதுங்களா? அப்பாடா. எனக்கு மட்டும்தானோ என்று பயந்துவிட்டேன். பலகாரம் ஒன்றும் இல்லைங்க. இதோ, என் காலடியில் இருக்கிற இந்தக் கட்டைப்பையில் இருந்துதான் வருகிறது. காரில் ஹீட்டர் இருக்குமில்லைங்களா, அதனுடைய கோர். பழைய துண்டு சுற்றி, பாலிதீன் கவரில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு துண்டும் சுற்றியிருக்கிறேன். அப்படியும் விடுகிறதா பாருங்க. நீங்க ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக்குங்க. தன்ஷி, பெரியம்மா முடியைப் பிடிக்காதே சாமி. விடு. விடு கண்ணு.

நீங்க கோயம்புத்தூருங்களா? நானும் அங்கேதான். உக்கடம். பழைய கார் சாமான் கடைக்கு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை கார் சாமான் வாங்கப் போகிறாளே என்று பார்க்கிறீங்க. எல்லாரும்தான் பார்க்கிறாங்க. கோத்தகிரி ஸ்டாண்டில் கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மீனா? மேல வைக்காத" என்றார். மீன் எங்கேயாவது தித்திக்குமாங்க?

வீட்டுக்காரர் போகலாமே என்றுதானே கேட்க வருகிறீங்க? போகலாம். அவருடைய கார்தான். அவர் போகக் கூடாது என்றுதான் நான் வந்தேன். இன்னொருத்தியும் போகக் கூடாது. முக்கியமாக அதற்குத்தான் வந்தேன்.

எனக்குப் பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீங்க அக்கா. எங்கள் வகையறாவிலேயே அது கிடையாது. நான் சிறுமுகைப் பக்கம். எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, கேட்டுவிடுவோம். நானும் கேட்டேன். கேட்டது ஒரு தப்புங்களா? முழுசாகச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்க.

கல்யாணமாகி மலைக்கு வருகிறவரைக்கும் காரில் ஹீட்டர் என்று ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது. எங்க ஊரில் கார்தானுங்க ஹீட்டர். சித்திரையில் ஏறி உட்கார்ந்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வந்து பார்த்தால் காருக்குள்ளே அடுப்பு வைத்திருக்கிறார்கள். புதிதில் அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ரெண்டு டியூப் வழியாக உள்ளே வருமாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி ஒரு பெட்டி. அதுதான் கோர். அதற்குள் சுடுதண்ணீர் ஓடும்போது ஃபேன் அந்தச் சூட்டை நம்ம காலுக்கும் முகத்துக்கும் ஊதிவிடும். பத்தாவது வரைக்கும் படித்தவள்தானே, சட்டென்று பிடித்துக்கொண்டேன். என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, என் கையைப் பிடித்துக் காற்று வருகிற இடத்தில் வைத்து, "சூடு வருதா புள்ள?" என்றார்.

வந்ததுங்க. நல்லாவே வந்தது.

அந்தக் கார் எனக்கு மூத்தாள் மாதிரி. எனக்கு முந்தியே அவர் வாழ்க்கையில் வந்துவிட்டது. ஒரு எஸ்டேட் மேனேஜர் வைத்திருந்த வண்டி, அப்போதே பழசு. தான் சாப்பிடாமல்கூட இருப்பார், அவளைத் துடைக்காமல் இருக்கமாட்டார். அதற்கெல்லாம் நான் ஒன்றும் சொன்னதில்லை. இரும்போடு யாராவது சண்டைக்குப் போவாங்களா? ஒரே ஒரு ஆயுதபூஜைக்கு, அவளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு எனக்குக் கொடுக்க மறந்துவிட்டார். அப்போது மட்டும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன்.

நான் சொல்ல வந்தது இரும்பைப் பற்றி இல்லை.

ஐப்பசிக்கு அப்புறம் ஹேமலதா மேடம் வந்தாங்க. தேயிலை ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறவங்க, உங்க கோயம்புத்தூர்தான். கோத்தகிரியில் ரூம் எடுத்துத் தங்கி, காலையில் ஃபேக்டரிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவாங்க. போக வர எங்க கார்தான் வாடகைக்கு. நல்ல மாதிரிதான். பாப்பாவைப் பார்த்தால் பிஸ்கட் கொடுப்பாங்க. எனக்கு அவங்க மேல் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

ஆனால் முன்சீட்டில் உட்காருகிறாள் அக்கா.

பின்சீட்டில் உட்கார்ந்தால் வளைவில் வாந்தி வருமாம். எனக்கும்தானுங்க வரும். நான் கையில் ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் வருகிறேனா இல்லையா? பாப்பா பிறக்கிறவரைக்கும் முன்சீட்டு என்னுடையதுதான். பிறந்ததும், "கொழந்தைய மடியில வச்சுட்டு முன்னாடி உக்காராத புள்ள, பிரேக் அடிச்சா ஆகாது" என்று என்னைப் பின்னால் அனுப்பிவிட்டார். நானும் பாசம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், சீட்டைக் காலி பண்ணி வைத்த மாதிரி இருக்கிறதுங்களா இல்லையா?

அதோடு, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் அந்தப் பேரை வாயால் சொன்னதே இல்லை. பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும்போது அப்பா பேர் கேட்டாங்க. "காரமடைத் தேர்ல வருவாருங்களே, அந்தச் சாமி. கூட ஒரு ராஜாவைச் சேத்துக்குங்க" என்றேன். அந்த நர்ஸம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கிட்டாங்க. இந்தம்மா என்னடாவென்றால் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்கிற மாதிரி முழுப்பேரையும் சொல்லி, "போலாமா?" என்கிறாள். கூப்பிட்டதும் நம்ம ஆள், "வந்துட்டேன் மேடம்."

அவள் ஹீட்டர் போடச் சொன்னால் போடுவார். எனக்குப் போடமாட்டார். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

மார்கழியில் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனோம். புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. "ஏனுங்க, அந்த ஹீட்டரக் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

"பெட்ரோல் குடிக்கும் புள்ள."

சரி, குடிக்கட்டும். போடாததோடு விட்டாரா? தன் பக்கத்துக் கண்ணாடியை வேறு இறக்கிவிட்டார். அந்தக் குளிரில்! கேட்டால், "காத்து வரட்டும், உள்ள ஒரு மாதிரி இருக்குது" என்றார். தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பாப்பாவைச் சுற்றிவிட்டு, வெறும் சட்டையோடு பல்லு கிட்டிக்கொண்டு ஓட்டினார். எதற்குங்க இந்த நாடகம்? ஒரு சுவிட்சைத் தட்டினால் முடிகிற காரியம். நான் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக இந்த வாசம் அடித்தது.

அதற்கப்புறம் நான் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சட்டையைத் துவைக்க எடுத்தால் வாசம். கர்ச்சீப்பில் வாசம். நான் சமையலுக்கு வெல்லம் தொடுவதே பொங்கலுக்குத்தான். ஒரு நாள் காரைக் கூட்டுகிற மாதிரிப் போய்ப் பார்த்தேன். முன்சீட்டுக்கு எதிரே கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மூட்டமாக இருந்தது. துணியால் துடைத்தாலும் போகலை, ஈஷிக்கொண்டது. அந்த மூட்டத்தில் ஒரு விரலால் வட்டமாகத் துடைத்துவிட்ட தடம். பொம்பளை விரல்தான். கீழே குனிந்து பார்த்தால், முன்சீட்டில் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் சொதசொதவென்று ஈரம். மழையே இல்லாத மாசம் அக்கா! ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அந்த மிதியடியை எடுத்துக்கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் நான் பார்க்காத பக்கத்துச் சுவரில் காயப்போடுகிறார். ஒளித்துச் செய்கிறவருக்கு எதற்கு ஒளிக்கிறோம் என்று தெரியாதா?

அன்றைக்குச் சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, கார்ல என்ன வாசம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "கூலன்ட் புள்ள" என்றார்.

பாருங்க, எவ்வளவு தைரியம். சென்ட்டுப் பேரையே சொல்லிவிட்டார்.

"யாரோடது?"

"யாரோடதுன்னா? நம்முளுதுதான். கொஞ்சமா லீக் ஆகுது. ரெண்டு நாள்ல பாத்துக்கலாம்."

"எனக்குத் தெரியாம இன்னும் என்னென்ன லீக் ஆகுது?"

"எங்கிருந்து புள்ள கேக்கற இதையெல்லாம்?" என்று ரசத்தை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஆனால் விடவில்லை.

மறுநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் இருக்கிற ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். தெரியாதவள் மாதிரிக் காட்டிக்கொள்ளாமல், "அண்ணா, கூலன்ட் இருக்குங்களா?" என்றேன்.

அந்தக் கடைக்காரர் மேல் தட்டை ஒரு பார்வை பார்த்தார். "கூலன்ட் நல்லா ஓடுதுங்க. இப்பத்தான் தீந்துச்சு. வெள்ளிக்கிழமை சரக்கு வந்துரும். அதுவரைக்கும் இந்த ரோஸ் பாருங்க, அதே கம்பெனி. அதைவிட நின்னு வாசம் வரும்."

"கூலன்ட் யாருங்கண்ணா வாங்கறாங்க?"

"எல்லாம் ஆபீஸ் போற பொண்ணுங்கதானுங்க."

ஆபீஸ் போகிற பொண்ணு யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா அக்கா? கடையில் வைத்து அழக் கூடாது என்று அந்த ரோஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கினதை வீணாக்குவானேன்? அடுத்த நாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது முன்சீட்டின் மேல் நல்லா அடித்துவிட்டேன். தலை சாய்க்கிற இடத்தில் ரெண்டு தடவை கூடுதலாக. இது யார் வீட்டுச் சீட்டு என்று தெரியட்டுமே! அன்றைக்கு மேடம் ரெண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாங்களாம். அவர் வந்து பரிதாபமாகச் சொன்னார். எனக்கும் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால், முன்சீட்டில் உட்கார்ந்தும் வாந்தி வருமென்றால் பின்சீட்டுக்கு என்ன குறை?

அதற்கு அடுத்த வாரம் நான் பிடிவாதமாகக் காரில் ஏறிவிட்டேன். ஃபேக்டரிக்குப் பக்கத்து ஊரில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள், பாப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொன்னேன். அவள் எப்போதும் சொல்கிறவள்தான், பொய் இல்லை. "இன்னைக்கு வேண்டாம் புள்ள, வண்டி சரியில்ல" என்று கெஞ்சினார். வண்டி சரியில்லையென்றால் மேடம் மட்டும் எப்படிப் போவாங்க? ஏறிவிட்டேன். பின்சீட்டில்தான். முன்னால் அவள்... மேடம் உட்கார்ந்தாங்க.

கொஞ்ச தூரம் போனதும், "ஹீட்டர் போடுங்களேன்" என்றாங்க.

"இன்னைக்கு வேண்டாங்க மேடம். பாப்பா இருக்குது" என்றார்.

பாப்பா இருக்குதாம்! பாப்பாவா இருந்தது? நான் இருந்தேன். நான் பார்க்கிறேன் என்று பயம். அந்தம்மாவும் உடனே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாங்க. ரெண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை பாருங்க.

மேடு ஏறத் தொடங்கினதும் அவர் அடிக்கடி ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள். அது மேலே மேலே போனது. கொஞ்சம்கொஞ்சமாக ஒழுகி ஒழுகி எஞ்சினில் தண்ணீர் குறைந்துபோயிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. வளைவாக வந்துகொண்டிருக்கிறது, நிறுத்த இடமில்லை, பின்னால் ஒரு லாரி. திடீரென்று, "எல்லாரும் கண்ணாடிய எறக்குங்க" என்று சொல்லிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். ஹீட்டரைத் திறந்தால் எஞ்சின் சூடு கொஞ்சம் அந்த வழியாக இறங்குமாம். டிரைவர்கள் செய்கிற வேலை. எனக்கு அது தெரியுமா? பார்த்தாயா, கடைசியில் அவளுக்குப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நினைத்து முடிக்கலைங்க, டேஷ்போர்டுக்குள் இட்லிக் குண்டாவைத் திறந்த மாதிரிப் புஸ்ஸென்று ஆவி. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. வாசம் என்றால் வாசம், வெல்ல ஆலைக்குள் நுழைந்த மாதிரி. மேடத்தின் காலடியில் பச்சைப் பச்சையாகத் தண்ணீர் கொட்டுகிறது. அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து வழியில் வண்டியைச் சொருகி நிறுத்தினார்.

"புள்ள, எறங்கு! எறங்கு புள்ள!"

ரெண்டு பேருமே இறங்கினோம் அக்கா. அதுதான் எனக்கு இன்னமும் குடைகிறது. எந்தப் புள்ளையைச் சொன்னார்? ஓடிவந்து பாப்பாவைப் பிடுங்கி, என் கையைப் பிடித்து வெளியே இழுத்ததென்னவோ நிஜம்தான். ஆனால் நான் அவருக்கு நேர்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், என் கதவு பக்கத்தில் இருந்தது. மேடம் தானாகவே இறங்கிக்கிட்டாங்க. செருப்பெல்லாம் பச்சை.

பாப்பாவின் மூஞ்சியையும் கையையும் பாட்டில் தண்ணீரால் கழுவிக் கழுவித் துடைத்தார். துடைத்துவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரை ஒரு விரலில் தொட்டு என் மூக்குக்கு நேராகக் காட்டினார்.

"இதுதான் புள்ள கூலன்ட். எஞ்சின் தண்ணியில ஊத்தறது. போதுமா?"

நான் மோந்து பார்த்தேன். அதே வாசம்தான். நான் என்ன மறுக்கவா போகிறேன்? அந்த ஃபேன்சி ஸ்டோர்க்காரர் வேறு கூலன்ட்டைச் சொல்லியிருப்பார். உலகத்தில் ஒரே பேரில் ரெண்டு சாமான் இருக்கக் கூடாதா?

அப்போது அந்த மேடம் என்னைப் பார்த்துச் சொன்னாங்க பாருங்க ஒரு வார்த்தை. "அய்யோ, இதுவா? நான் இத்தனை நாளா நீங்க தலைக்கு ஏதோ தைலம் தேய்க்கறீங்க, அது சீட்டுல ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு வாயத் தொறக்கல. ஒரே தலைவலி."

என் தலையைப் பற்றி! நாங்கள் செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெய் தவிர ஒரு சொட்டு வேறு வைத்ததில்லை. வேண்டுமானால் நீங்களே மோந்து பாருங்க. இல்லைங்க, பரவாயில்லை, பாருங்க. ஆங், இருக்குதா வாசம்? இல்லையில்ல?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் போஜன் அண்ணன் பட்டறையில் விட்டோம். அந்த அண்ணன் பார்த்ததும் அவரைத்தான் திட்டினார். "கோர் போச்சு, ஹீட்டரத் தொடாதேன்னு அப்பவே சொன்னனா இல்லையாப்பா?"

நான் பக்கத்தில் நின்று, "நல்லாச் சொல்லுங்கண்ணா. பெட்ரோலும் எவ்வளவு குடிச்சிருக்கும்" என்றேன்.

"பெட்ரோலா? ஹீட்டர் எதுக்கும்மா பெட்ரோல் குடிக்குது? அது எஞ்சின் வீணா வெளிய விடற சூடு. போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்."

கேட்டீங்களா அக்கா? நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்போ எனக்குப் பொய்யா சொன்னீங்க?"

"கோர் ஒழுகுதுன்னு சொன்னா நீ பயந்துட்டு வண்டியே எடுக்க விடமாட்ட."

"அவங்களுக்குப் போட்டீங்க, எங்களுக்கு ஏன் போடல?"

"அந்தப் பொகை பாப்பாவுக்கு ஆகாது. அவங்க பெரியவங்க, கண்ணாடிய எறக்கிக்குவாங்க. கேட்டாங்க, போட்டேன்."

இது ஒரு பதிலாங்க? நீங்களே சொல்லுங்க. கேட்டாங்க, போட்டேன். நான் கேட்கலையா?

இன்னும் இருக்கிறது, கேளுங்க. போஜன் அண்ணன் ஒரு சுலபமான வழி சொன்னார். ஹீட்டருக்குப் போகிற ரெண்டு டியூபையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது. பைபாஸ். தண்ணீர் உள்ளே போகவே போகாது, ஒழுகாது, ஹீட்டரும் இல்லை. பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்களாம். எனக்கு எவ்வளவு நிம்மதி! ஹீட்டர் எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. நியாயமாகப் போய்விடும். "அப்புடியே பண்ணிருங்கண்ணா" என்றேன்.

எப்போதும் நான் சொன்னதற்குத் தலையாட்டுகிற மனுஷன், அன்றைக்கு, "வேண்டாங்ணா. புதுசே மாட்டிரலாம். புள்ளைக்குக் குளிருமில்ல" என்றார்.

புள்ளைக்குக் குளிருமாம்.

உங்க ஊரில் எப்படியோ, எங்க பக்கத்தில் பாப்பாவும் புள்ளைதான், நானும் புள்ளைதான். ஹேமலதா மேடத்தையும் ஒரு தடவை, "அந்தப் புள்ள பாவம், தனியா வந்து வேலை பாக்குது" என்று இதே வாயால் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எந்தப் புள்ளைக்குக் குளிரும்? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கேட்டேன்.

"எந்தப் புள்ளைக்குங்க?"

"எந்தப் புள்ளைக்குன்னு கேக்கறயே புள்ள!" என்றார். அவ்வளவுதான். இதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

கோரை எடுக்க வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தேன். மூத்தாளைப் பார்க்கச் சகிக்கலை. ஒயரெல்லாம் வெளியே தொங்க, குடல் சரிந்த மாதிரி கிடந்தாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது. காற்று வருகிற ஓட்டைக்குள் விழுந்து கிடந்ததையெல்லாம் போஜன் அண்ணன் எடுத்து ஒரு தட்டில் வைத்திருந்தார். ஒரு சில்லறைக் காசு, மிட்டாய்த் தாள், அப்புறம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் கலர், பெரிசு.

எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"உன்னுதுதான் புள்ள. கல்யாணத்தன்னைக்கு வச்சது. கோயிலுக்குப் போகையில கழண்டு விழுந்துருச்சுன்னு தேடுனியே."

வீட்டுக்குப் போய் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதே கலர்தான். அதே அளவுதான். இருந்தாலும் மெரூன் பொட்டு உலகத்தில் ஒருத்தி மட்டுமா வைக்கிறாள்?

இந்தப் பழைய வண்டிக்குப் புது கோர் எங்கேயும் வருவதில்லையாம். உக்கடத்தில்தான் தேடிப் பிடிக்க வேண்டும், பழசைக் கொண்டுபோய் அளவு காட்டி வாங்க வேண்டும் என்று போஜன் அண்ணன் சொன்னார். அந்த அண்ணன் சொல்லி வாய் மூடலை, அங்கே எப்போது கார் தயாராகும் என்று கேட்க வந்த மேடம், "நான் நாளைக்கு வீட்டுக்குத்தானே போறேன், எங்கிட்டக் குடுங்க. அப்பாவுக்கு உக்கடத்துல கடைக்காரங்கள எல்லாம் தெரியும். பாத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்றாங்க. கையையும் நீட்டிட்டாங்க. நம்ம ஆளும் துண்டில் சுற்றின கோரைக் கொடுக்கப் போகிறார்.

ஏங்க, என் வீட்டுக்காரர் காருக்கு ஹீட்டரை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு வருவாளா? நாளைக்கு அது ஊதுகிற ஒவ்வொரு காற்றும் அவள் கொடுத்த காற்று என்று ஆகாதா? நான் நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டேன். இடுப்பில் பாப்பா, கையில் கோர். "நான் போறேன். எனக்கும் கோயம்புத்தூர் தெரியும்" என்றேன். உண்மையில் காந்திபுரம் வரைக்கும்தான் தெரியும்.

மேடம், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், கொழந்தைய வச்சுக்கிட்டு" என்றாங்க.

"சிரமமெல்லாம் எனக்குப் பழக்கம்ங்க. பின்சீட்டுல வர்றவதானே" என்றேன்.

அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவங்க போனதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகவா, சிரிப்பாகவா, சொல்லத் தெரியலை. கையெல்லாம் கிரீஸ்.

"இப்ப உனக்கு என்ன வேணும் புள்ள?"

"முன்சீட்டு."

"கொழந்தைய வச்சுட்டு அங்க உக்காரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் உக்காரலைன்னா யாரும் உக்காரக் கூடாது."

பெருமூச்சு விட்டார். "சரி. இனி முன்சீட்டு யாருக்கும் கெடையாது. ஆம்பளை, பொம்பளை, வாந்தி, மயக்கம், எதுவா இருந்தாலும் பின்னாடிதான். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அதுதானுங்க எனக்கு வேண்டியது. இந்தக் கோர், ஹீட்டர், கூலன்ட் எல்லாம் எனக்கு எதற்கு? நான் ஒருத்தி உட்கார்ந்த இடம். பாப்பா வளர்ந்ததும் நான் போய் உட்கார வேண்டிய இடம். அதுவரைக்கும் சும்மா கிடந்தால் என்ன? மேடத்திடம் அவர் இன்னும் சொன்னாரா இல்லையா தெரியலை. சொன்னீங்களா என்று காலையில் பஸ் ஏறும்போது கேட்டேன். "கார் ரெடியாகட்டும் புள்ள" என்றார்.

இருங்க, போன் அடிக்குது. அவர்தான். தன்ஷி, அப்பா.

சொல்லுங்க... பஸ்ஸில்தான்... கீழே, கால்கிட்ட... இல்லைங்க, பாப்பா தொடலை... சரி... சரிங்க... கழுவி விட்டுட்டுத்தான் ஊட்டுவேன்... சரி, நான் என்ன சின்னப் புள்ளையா? வைங்க.

பார்த்தீங்களா? ஏறினதிலிருந்து இது எத்தனாவது போன் என்று கணக்கே இல்லை. கோருக்குள் மிச்சம் மீதி தண்ணீர் இருக்குமாம், தித்திப்பாக இருக்கிறதே என்று பாப்பா கையை வைத்து வாயில் வைத்துவிட்டால் விஷமாம். பையை அவள் கைக்கு எட்டாமல் வை, கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் ஊட்டாதே, உனக்கு வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் வலது பக்கத்து ஜிப்பில் வைத்திருக்கிறேன் என்று ஒரே பாட்டு. எப்போது வைத்தாரோ. அந்தக் கோர் மேல் அவ்வளவு அக்கறை. மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா, சொல்லுங்க? வரலை. வராமல் இருக்கிறது பாருங்க, அதுதான் எனக்குச் சந்தேகம்.

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை அக்கா. ஒரு தடவை தெரிந்துகொண்டால் நிம்மதியாக இருப்பேன், அவ்வளவுதான். என் நம்பரிலிருந்து கேட்டால் சரியாகத்தான் பதில் சொல்வார். உங்க குரல் நல்ல படித்தவங்க குரல், உங்க நம்பரும் அவருக்குத் தெரியாது. உங்களுக்குச் சிரமமில்லையென்றால் ஒரே ஒரு போன் போடுங்க. நம்பர் நான் சொல்கிறேன். அடுத்த வாரம் கோத்தகிரிக்கு வருகிறேன், கார் வேண்டும், எனக்குப் பின்சீட்டு ஆகாது, வளைவில் வாந்தி வரும், முன்சீட்டு தருவீங்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்க அக்கா.